தெரிந்தவர்கள் வலது கை

செஞ்சிக்கு நான் கோட்டை பார்க்கப் போகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்த நான்கு வாரமும் கண்டக்டர், டீக்கடைக்காரர், ஆட்டோக்காரர், மருந்துக் கடை அம்மா என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் "கோட்ட பாக்க வந்தியாம்மா?" என்றே கேட்டார்கள். இல்லை, பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறேன் என்றால் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்ப்பார்கள். பிறகு, "இங்க யாருக்குமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கே அப்போது பதில் தெரியாது.

நான் தூத்துக்குடிக்காரி. பிரெஞ்சில் பட்டம் வாங்கிவிட்டு, சென்னையில் ஆறு வருடம் ஒரு கால் சென்டரில் இருந்தேன். பிரான்சில் யார் வீட்டிலாவது இன்டர்நெட் நின்றுபோனால், அவர்கள் போனில் திட்டுவதைக் கேட்டு மன்னிப்புச் சொல்லும் வேலை. பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்க எனக்கு நாற்பது வழி தெரியும். ஒன்றையும் மனதாரச் சொன்னதில்லை. இருபத்தொன்பது வயதில், போதும் சாமி என்று எழுதிக்கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு ஆசிரியை ஆவதற்காகப் புதுச்சேரியில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். அம்மா மட்டும், "இனியாவது மனுச முகத்தப் பாத்துப் பேசுவ" என்றாள்.

ஆசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழகத்தில் முதலில் மாணவராக நடிக்கச் சொல்லித்தருகிறார்கள். ஒருத்தர் ஐந்து நிமிடம் பாடம் நடத்துவார். கூடப் படிக்கும் மற்றவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளாக உட்கார்ந்திருக்க வேண்டும். தாடி வைத்த ஆள் எழுந்து, "மிஸ், பாத்ரூம் போகணும்" என்பார். அந்த ஐந்து நிமிட வகுப்புகளில் நான்தான் ராணி. நிஜப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினார்கள், குட்டு வெளிப்பட்டுவிட்டது. புதுச்சேரியில் ஒரு பள்ளியில் என்னை மதிப்பிட வந்த பேராசிரியை, "பாதி வகுப்பு வாயே திறக்கவில்லை" என்று எழுதி, மறுபடி செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மறுபடிக்குத்தான் செஞ்சி. இதிலும் தவறினால் பட்டம் தள்ளிப்போகும். சென்னையில் ஒரு பள்ளி, பட்டத்தோடு வந்தால் தீபாவளி முடிந்ததும் சேர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தது. அது போய்விடும். மறுபடியும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்காருவதை நினைத்தாலே எனக்குக் காது எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில், பாடத்துக்கு வரைந்த சார்ட்டுகளைச் சுருட்டி மடியில் வைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா இறங்கும்போது அதன்மேல் கையை ஊன்றி எழுந்தார். பிரான்ஸ் நாட்டுப் படம் நடுவில் ஒடிந்துவிட்டது. அது போதாதென்று செஞ்சிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது டயர் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்து நிழலில் நின்றோம். ஒருவர் அவித்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, தெரியாத எனக்கும் ஒரு கை அள்ளி நீட்டினார். "மல்லாட்ட துன்னுமா. பஸ்ஸு இப்ப நவுராது." அந்தப் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்றுதான் பெயர். தின்றுகொண்டே நிமிர்ந்தால் தூரத்தில் குன்றுகள். மரம் செடி அதிகம் இல்லாமல், லாரியில் கொண்டுவந்து கொட்டியதுபோல உருண்டை உருண்டையாய்ப் பாறை. கடலும் உப்பளமும் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது என்னவோ பயமாக இருந்தது.

எனக்கு இடம் கொடுத்தது செல்வி அக்கா. நான் போன பள்ளியில் கணக்கு டீச்சர், அவலூர்பேட்டையில் பிறந்து செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவர், வீட்டுக்காரர் துபாயில். மாடி அறையைத் திறந்துவிட்ட கையோடு சாப்பாடு போட்டார். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு.

"இன்னா பாக்குற? கருவாடு துன்ன மாட்டியா?"

"எங்க ஊர்ல மீன்தான் அக்கா. துள்ளத் துள்ள."

"ம்க்கும். இங்க கடலு இல்ல, கல்லுதான் இருக்குது. வேணும்னா சொல்லு, கொழம்பு வச்சுத் தரேன்" என்று சிரித்தார். களியை எப்படி விழுங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. மென்று மென்று வாயெல்லாம் ஒட்டிக்கொண்டது. மெல்லக்கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே உள்ளே தள்ளவேண்டும் என்பதை இரண்டாம் நாள்தான் கற்றுக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளி. தனியார் பள்ளி. பிளஸ் ஒன்னில் இருபத்திரண்டு பேர் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். "ஸ்கோரிங் சப்ஜெக்ட் மிஸ்" என்று கோரஸாகச் சொன்னார்கள். வழக்கமாகச் சொல்லித்தரும் ஆசிரியை பிரசவ விடுப்பில் போயிருந்தார். பிள்ளைகளின் புத்தகத்தைப் பிரித்தால், பிரெஞ்சு வரிகளுக்கு நடுவே பென்சிலில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு, அதற்குக் கீழே இங்கிலீஷில் அர்த்தம். கேள்வி எழுதிப்போட்டால் பதிலை மளமளவென்று எழுதிவிடுவார்கள். வாயைத் திறந்து கேட்டால் கிணற்றில் கல் போட்ட மாதிரி ஒரு சத்தமும் இல்லை. புதுச்சேரியில் பார்த்த அதே மௌனம்.

அந்த இருபத்திரண்டு பேரில் யாழினி ஒருத்தி. தொண்டூர்ப் பெண். பத்தாவது வரை அரசுப் பள்ளியில் படித்து நல்ல மார்க் எடுத்து, ஜூனில்தான் இங்கே சேர்ந்திருந்தாள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காருவாள். இடது கையால் எழுதுவாள்; எழுதி முடிக்கும்போது உள்ளங்கை ஓரமெல்லாம் நீல மையாக இருக்கும். முதல் வாரம் முழுக்க அவள் குரலை நான் கேட்கவில்லை.

இரண்டாவது வாரம் முடிந்த ஞாயிறு செல்வி அக்கா என்னைக் கோட்டை அடிவாரம் வரை இழுத்துக்கொண்டு போனார். மேலே ஏறுகிற எண்ணம் இரண்டு பேருக்கும் இல்லை. சீத்தாப்பழம் வாங்கிக்கொண்டு நின்றபோது ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள். வயதானவர்கள், முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. கணவர் மனைவியிடம், "இவ்வளவு படி இருக்கும் என்று உன் புத்தகத்தில் போடவில்லையா?" என்று எரிந்து விழுந்தார். நான் பிரெஞ்சில் பேசியதும் என் பக்கம் திரும்பி, வெயில், தண்ணீர், பஸ் என்று ஒவ்வொன்றாகக் குறை சொன்னார். என் வாயிலிருந்து என்னையறியாமல் வந்தது: "உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது ஐயா. ஏற்பட்ட அசௌகரியத்துக்கு மன்னிக்கவும்." அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ எங்கள் இன்டர்நெட் கம்பெனியா?" என்றாள். எனக்கு முகம் செத்துப்போயிற்று. ஆறு வருடம் மனப்பாடம் செய்தது அவ்வளவு சீக்கிரம் நாக்கைவிட்டுப் போகுமா?

அதைத் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் முதல்முறையாகச் சிரித்தார்கள். யாழினி வகுப்பு முடிந்ததும் வாசலில் நின்று, "மிஸ், எங்க ஊர்ல கல்லு படுக்க இருக்குது மிஸ். வெள்ளக்காரங்க அங்க வர மாட்டாங்க. நீங்க வாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு போனேன். ஷேர் ஆட்டோவில் ஒரு ஆட்டுக்குட்டி, இரண்டு மூட்டை, எட்டு பேர், அப்புறம் நான். சமண முனிவர்கள் படுத்திருந்த கல் படுக்கைகளைப் பார்த்தேன். தலை வைக்கும் இடத்தில் கல்லையே தலையணைபோல் கொஞ்சம் உயர்த்தி வெட்டியிருக்கிறார்கள். ஒன்றில் உட்கார்ந்து பார்த்தேன், வெயிலில் சுட்டது. ஒரு சத்தமில்லை. இந்த இடத்தில் வருடக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறார்கள். நம்மால் ஒரு வகுப்பின் மௌனத்தை நாற்பது நிமிடம் தாங்க முடியவில்லையே என்று தோன்றியது.

யாழினியின் அப்பா எலக்ட்ரீசியன். கொஞ்சம் நிலமும் உண்டு. களத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. "நைனா, மிஸ் வந்துட்டாங்க" என்று அவள் ஓடினாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். யாழினி ஒரு தட்டில் கடலை கொண்டுவந்து இடது கையால் நீட்டினாள். அவர் சட்டென்று அவள் மணிக்கட்டைத் தட்டினார். "எத்தினி வாட்டி சொல்றது, சோத்துக் கையால குடு. டீச்சருக்குப் போய் பீச்சாங்கையால குடுக்கற." அவள் தட்டை வலது கைக்கு மாற்றினாள். நான்கு கடலை கீழே விழுந்தன.

"டீச்சர், இந்த மல்லாட்டைக்கு அந்த பாஷையில இன்னா?" என்று கேட்டார் அவர்.

"காக்காவெத்."

"காக்காவா!" அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. யாழினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "பாப்பாவுக்கு இது வருதா டீச்சர்? எனக்கு ஒன்னும் புரிய மாட்டுது. வீட்ல சொல்லித்தர ஆளு இல்ல. காலாண்டுப் பரீட்சைக்கு முன்னாடின்னா தமிழுக்கே மாத்திக்கலாம்னு ஸ்கூல்ல சொன்னாங்க. வர்லன்னா சொல்லிடுங்க. பொண்ணு டென்ஷன் இல்லாம படிக்கட்டும்."

உள்ளே டம்ளர் சத்தம் நின்றிருந்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. "இந்த வியாழக்கிழமை யுனிவர்சிட்டியில இருந்து என் வகுப்பைப் பார்க்க வர்றாங்க. அதுல பாப்பா எப்படிப் பேசுதுன்னு பாத்துட்டுச் சொல்றேங்க" என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

கடைசி வாரம். செவ்வாய்க்கிழமை மாலை பேராசிரியையிடமிருந்து செய்தி வந்தது: வியாழன், மூன்றாவது பீரியட். எனக்குச் சோறு இறங்கவில்லை. செல்வி அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு பயப்படுற? நான் இருவது வருசமா இந்த வேலைல இருக்கேன். யாராச்சும் பாக்க வந்தா எல்லா கையும் மேல இருக்கணும். அவ்ளோதான் மேட்டரு. தெரிஞ்ச புள்ளைங்க சோத்துக் கைய தூக்கட்டும். தெரியாத புள்ளைங்க பீச்சாங்கைய தூக்கட்டும். நீ சோத்துக் கையா பாத்து எழுப்பு."

"அது ஏமாத்து வேலை இல்லையா அக்கா?"

"ஏமாத்து இன்னா ஏமாத்து? புள்ளைங்களுக்கு அவமானம் இல்ல, உனக்கும் பயம் இல்ல. யாருக்கு இன்னா கெட்டுப்போச்சு? சாப்டு."

நான் சாப்பிட்டேன். புதன்கிழமை வகுப்புக்குப் போய்ச் சொன்னேன். "தெரிந்தவர்கள் வலது கை. தெரியாதவர்கள் இடது கை. யாரும் சும்மா உட்காரக் கூடாது. இதைப் பத்தி இனிமேல் ஒருத்தரோட ஒருத்தர் பேசவும் கூடாது." பழைய பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு இது சின்ன வகுப்பிலிருந்தே பழக்கம். புதிதாக வந்தவர்களுக்கு ஒரே குஷி. பாடத்தை இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குகிற பாடம், ஐந்தே கேள்விகள். கைகள் எல்லாம் எழும்பியபோது எனக்கு மூச்சு சீரானது. மூன்றாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருந்ததைப் பார்த்தேனா என்று இப்போது எவ்வளவு யோசித்தாலும் நினைவு வரவில்லை. வருகைப் பதிவு எடுப்பது முதல் பீரியட் ஆசிரியரின் வேலை.

வியாழக்கிழமை பேராசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஒடிந்த பிரான்ஸை செல்லோ டேப் ஒட்டி மாட்டியிருந்தேன். கடைக்காரர் முதலில் என்ன கேட்பார் என்றேன். இருபத்திரண்டு கைகள். வலது கையாகப் பார்த்து எழுப்பினேன். "வூ தெஸிரே?" என்று வந்தது பதில். உங்களுக்கு என்ன வேண்டும்? அடுத்து, எனக்கு இது வேண்டும் என்று எப்படிச் சொல்வது என்றேன். இருபத்திரண்டு கைகள். என் குரல் எனக்கே அழகாக இருந்தது.

யாழினி இடது கையைத் தூக்கியிருந்தாள். முதல் கேள்விக்குக் காது வரைக்கும். இரண்டாவதற்கு நன்றாக மேலே. மூன்றாவதற்கு விலை என்ன என்று கேட்டபோது அவள் கை நேராக நீண்டிருந்தது. நான்காவதற்குப் பெஞ்சிலிருந்து பாதி எழுந்தேவிட்டாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம், ஆனாலும் சொன்னதை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்று நினைத்தேன்.

ஐந்தாவது கேள்வி, விடைபெறுவது. எல்லாக் கைகளும் மேலே, அவள் கை மட்டும் பெஞ்சில். எனக்குக் கோபம் வந்தது. யாரும் சும்மா உட்காரக் கூடாது என்றேனே! பேராசிரியைக்குத் தெரியாமல் அவளைப் பார்த்து முறைத்தேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இடது கையைத் தூக்கினாள். நான் வேறொரு பையனை எழுப்பினேன்.

பேராசிரியை போகும்போது, "புதுச்சேரியில பாத்த ஆளா நீங்க?" என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பாஸ், அதுவும் நல்ல மார்க். மதியப் பஸ்ஸில் அவர் ஏறும்வரை கூடவே நின்றேன். திரும்பி வந்ததும் செல்வி அக்காவைக் கட்டிப்பிடித்தேன். "நான் சொன்னேன் இல்ல?" என்றார் அவர்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் பழம் வாங்கப் போனேன். யாழினி தொண்டூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள்.

"மிஸ், நைனாகிட்ட நீங்க சொல்ல வேணாம். நானே சொல்லிட்றேன். தமிழுக்கே மாத்திக்கிறேன்."

"ஏன்மா?"

"எனக்கு வரலன்னுதான நீங்க ஒரு வாட்டிகூட எழுப்பல."

"நீ இடது கையைத்தானே தூக்கின?"

"ஆமா மிஸ்."

"தெரியலன்னாதானே இடது கை?"

அவள் புருவத்தைச் சுருக்கினாள். "அப்டின்னு யாரு மிஸ் சொன்னாங்க?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"நேத்து எங்க பஸ்ஸு வரல மிஸ்" என்றாள் அவள். "ரோட்டுக்கு வந்து பதினோரு மணி வரிக்கும் நின்னேன். எனக்கு எழுதறதுக்கும் தூக்கறதுக்கும் இந்தக் கைதான் மிஸ் வருது."

தொண்டூர் பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். கூட்டத்தில் எங்கே நிற்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. கையிலிருந்த பழத்தை அமுக்கியே நசுக்கியிருந்தேன்.

செல்வி அக்காவிடம் சொன்னேன். "இருவது வருசத்துல இத மாதிரி எத்தினி புள்ளைங்களோ" என்றார். மேற்கொண்டு அவரும் ஆறுதல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தமிழுக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை. நானே பள்ளியில் தமிழ் படித்தவள்தான். தனக்கு வராது என்று நம்பிக்கொண்டு அவள் போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்படி நம்பவைத்தவள் நான்.

வெள்ளிக்கிழமை எனக்குக் கடைசி நாள். வகுப்பில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த நாற்பது வழியில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. தமிழில்தான் சொன்னேன். "நேத்து நான் ஒரு நாடகம் போட்டேன். நான் பாஸ் ஆகறதுக்காக உங்களையெல்லாம் நடிக்க வச்சேன். யாழினி புதன்கிழமை வரல. அவ வரலங்கறதக்கூட நான் பாக்கல. பதில் தெரிஞ்சுதான் அவ கையத் தூக்கினா. அஞ்சு வாட்டியும் நான் எழுப்பல. அதுக்கு மேல முறைக்கவும் செஞ்சேன். என்ன மன்னிச்சிரு யாழினி."

அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் பெண், "பேசக் கூடாதுன்னு நீங்கதான் மிஸ் சொன்னீங்க. அதான் நாங்க அவகிட்ட சொல்லல" என்று அழ ஆரம்பித்தாள்.

யாழினி அழவில்லை. பரவாயில்லை மிஸ் என்றும் சொல்லவில்லை. எழுந்து நின்றாள்.

"நேத்து கேட்ட அஞ்சுக்கும் இப்ப பதில் சொல்லட்டா மிஸ்?"

சொல் என்று தலையசைத்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, மை அப்பிய கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். "வூ தெஸிரே? ஜு வூத்ரே அன் கிலோ த காக்காவெத்." வகுப்பில் யாரோ களுக்கென்றார்கள். அவள் நிறுத்தவில்லை. "ஸே கொம்பியேன்? வுவாலா. மெர்ஸி. ஓ ருவுவார்." உங்களுக்கு என்ன வேண்டும்? ஒரு கிலோ மல்லாட்டை. என்ன விலை? இந்தாருங்கள். நன்றி, போய் வருகிறேன். சார்ட்டில் நான் ஆப்பிள்தான் வரைந்திருந்தேன். அவள் உச்சரிப்பு ஒன்றும் பாரிஸ் உச்சரிப்பு இல்லை. ஆனால் எதையும் ஒப்பிக்கவில்லை. தன் சாமானைத் தானே வாங்கினாள். எனக்குக் கண் கலங்கியதை மறைக்க முடியவில்லை.

அவள் அப்பாவுக்குப் போன் செய்து, நன்றாக வருகிறது என்று சொன்னேன். "அப்டியா டீச்சர்? நேத்து வந்து வர்லன்னு அழுதுச்சே. சரி, அதுவே முடிவு பண்ணட்டும்" என்றார்.

புதுச்சேரிக்குத் திரும்பினேன். பயிற்சிப் பதிவேட்டின் கடைசிப் பக்கம், தன்னைத்தானே மதிப்பிட்டு எழுதுவது. எல்லோரும் அதில் மூன்று வரி புகழ்ந்து எழுதிக்கொடுப்பார்கள். நான் வலது கை, இடது கை, யாழினி எல்லாவற்றையும் எழுதினேன். செல்வி அக்கா பெயரை மட்டும் எழுதவில்லை. செய்தது நான்.

பேராசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத ஏம்மா எழுதினீங்க? எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான். எந்த வகுப்புலயும் அத்தன கை எழும்பாது. சரி போகட்டும்னுதான் கையெழுத்து போட்டேன். எழுத்துல குடுத்துட்டா நான் படிக்காத மாதிரி இருக்க முடியாது." பதிவேட்டை மூடி என் பக்கம் தள்ளினார். "இந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற எழுதிட்டு வாங்களேன். நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு."

பதிவேட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். பொய் சொல்வானேன், அந்தப் பக்கத்தின் மூலையை இரண்டு முறை பிடித்துப் பார்த்தேன். சென்னைப் பள்ளி நினைவு வந்தது, அம்மா நினைவு வந்தது. கிழிப்பது ஒரு நொடி வேலை. கேன்டீனில் ஒரு டீ குடித்தேன். அப்படியே திரும்பிப் போய் மேசைமேல் வைத்தேன்.

"எடுக்கல மேடம்."

"பாத்தேன்" என்றார் அவர். நல்ல மார்க்கை அடித்துவிட்டு, பயிற்சியை மறுபடி செய்ய வேண்டும் என்று எழுதினார். "எந்த ஊர் வேணும்?" என்று மட்டும் கேட்டார்.

என் பட்டம் அரை வருடம் தள்ளிப்போயிற்று. சென்னைப் பள்ளி வேறு ஒருவரை எடுத்துக்கொண்டது. அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் முறுக்கு சுட்டு அனுப்பினாள்.

பொங்கல் முடிந்து மறுபடி செஞ்சிக்குப் போனேன். பஸ் இந்தத் தடவை பஞ்சராகவில்லை. கண்டக்டர், "கோட்டையாம்மா?" என்றார். செல்வி அக்கா களி கிண்டி வைத்திருந்தார். நானும் மெல்லாமல் விழுங்கினேன்.

அதே வகுப்பு. மூன்றாவது பெஞ்சின் ஓரத்தை உடனே பார்க்கத் துணிச்சல் இல்லாமல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பினேன். இருந்தாள். புதிய பாடம், யாருக்கும் சொல்லித்தராத பாடம். ஒரு கேள்வி கேட்டேன். முன் பெஞ்சில் இரண்டு வலது கைகள் பழக்கத்தில் எழும்பின. பின்னால் நாலைந்து இடது கைகள் பாதி வழியில் தயங்கின. யாழினியின் இரண்டு கைகளும் பெஞ்சின் மேலேயே இருந்தன.

"யாழினி" என்றேன்.

எழுந்தாள். நேராக என்னைப் பார்த்தாள். "தெரியல மிஸ்" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி.

பாதியில் நின்ற கைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "எனக்கும் தெரியல மிஸ்" என்றது கடைசி பெஞ்ச். "எனக்கும் மிஸ்." முன் பெஞ்சில் எழும்பிய இரண்டு வலது கைகளில் ஒன்றும் மெல்ல இறங்கியது.

"சரி, புத்தகத்தைத் திறங்க" என்றேன்.